தம்பிக்குச் செய்த வேலைமேசை

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பதினான்காம் நாள், புதன்கிழமை. காலை முதல் வானம் மூடியிருக்கிறது. தூறல் விழுவதும் நிற்பதுமாக உள்ளது. இத்தகைய நாளில் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சற்றே பருக்கும். ஆதலால் பொருத்து வேலையை வெயில் வரும்வரை தள்ளிவைப்பதே நல்லது. அவ்வாறு தள்ளிவைத்தமையால் எனக்கு இன்று எழுத நேரம் கிடைத்தது.

என் பெயர் ஜெயராமன். அடுகோடியில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். ஈஜிபுராவில் லட்சுமம்மா என்பவரின் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஆனேக்கல் காவல் நிலைய ஆய்வாளர் அவர்களின் பார்வைக்கு இதை எழுதுகிறேன். கன்னடம் தடையின்றிப் பேசுவேன். எழுதத் தெரிந்தது தமிழ் ஒன்றே. அதையும் நாற்பது வயதுக்குப் பின் மாலை வகுப்பில் அமர்ந்து கற்றேன். எனவே இதில் பிழை இராது. இளமையில் கற்றவர்கள்தாம் கவனக்குறைவாக எழுதுவர். இதைக் கன்னடத்தில் மொழிபெயர்ப்பவர் எதையும் சுருக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த ஜூன் மாதம் ஆனேக்கலில், என் தம்பி உமேஷ் தனது புதிய பட்டறையில் மரம் அறுக்கும்போது வலக்கையின் நான்கு விரல்களை இழந்தான். அது விபத்து எனத் தங்கள் நிலையத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். அவ்வாறு எழுதியவர்மீது எனக்குக் குறையில்லை. அன்று அவருக்குக் கிடைத்த விவரங்களுக்கு அதுவே சரியான முடிவு. விவரங்களைக் கொடுத்தவன் நான்.

உமேஷ் எனக்குப் பதினொரு வயது இளையவன். பெற்றோர் இருவரும் காலமானபோது அவன் பள்ளிச் சிறுவன். அவனுக்குச் சோறு வடித்தேன், உடுக்கக் கொடுத்தேன், பிறகு தொழிலும் கொடுத்தேன். நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் உமேஷ் என்று எவரிடமும் நான் சொன்னதில்லை. அவனிடம் மட்டும் சில முறை சொல்லியிருக்கிறேன். பட்டறையில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளத் தேவையே இருக்காது. நான் கையை நீட்டினால் அவன் உளியை வைப்பான். நான் பலகையின் ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை தானாக எழும்பும். அறையில் ஒருவரே இருப்பதுபோல் இருக்கும். அந்த ஒருவர் நான்தான் என்று எண்ணியிருந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் சங்கமித்ராவை மணந்தான். ஆயத்த ஆடை ஆலையில் தைத்து முடித்த சட்டைகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. நல்ல பெண். என்னை அண்ணா என்றுதான் அழைப்பாள். அவளது ஆலை ஆனேக்கல் பக்கம் இருந்தமையால், நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தாள். களைப்பாக இருக்கிறது என்று அவள் சொல்லத் தொடங்கியபோதே, இது எங்கே போய் நிற்கும் என்பதை நான் ஊகித்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு காலை, பட்டறை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உமேஷ் பேச்சைத் தொடங்கினான்.

"அண்ணா, ஆனேக்கல்ல ஒரு ஷெட்டு பாத்துட்டேன். அந்தப் பக்கமெல்லாம் அபார்ட்மென்ட்டா எழும்பிக்கினே போவுது. கதவு, வார்ட்ரோப்புன்னு வேல கொட்டிக் கெடக்கு."

"இங்க வேல இல்லியா?"

"இருக்குது. ஆனா இங்க நான் தம்பி. அங்க போனா நான் மேஸ்திரி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். என் கோப்பையில் பாதித் தேநீர் மீதமிருந்தது; அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு உள்ளே போய், ஏற்கெனவே இழைத்து முடித்த பலகையை மீண்டும் இழைத்தேன். இழைப்புளி ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்திப் பார்த்தபோது பலகை எதற்கும் உதவாத அளவுக்கு மெலிந்திருந்தது. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உண்ணும்போது எழுவேன், நடக்கும்போது எங்கே போகிறேன் என்று மறப்பேன். பேருந்துகள் ஹார்ன் அடித்துக்கொண்டு ஓசூர் சாலையில் போவது பட்டறைக்குள் கேட்கும். பல ஆண்டுகளாகக் கேட்ட ஓசைதான். இப்போது ஒவ்வொன்றும் ஆனேக்கலுக்கே போவதாகத் தோன்றியது.

வீட்டு உரிமையாளர் லட்சுமம்மா இதைக் கவனித்துவிட்டார். கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றவர். துணி காயப்போட மாடிக்கு வந்தவர் என்னை நிறுத்தினார்.

"ஏன்பா ஜெயராமா, காலைலேந்து மேலயும் கீழயும் ஓடிட்டே இருக்கே? பொண்ணக் கட்டிக் குடுத்த அப்பன் மாதிரி மூஞ்சி."

"ஒண்ணும் இல்லம்மா. தம்பி தனியாப் போறான்."

"போட்டும் பிடு. நாப்பது வயசு ஆம்பள அவன். நீ என்ன அவன இடுப்புல தூக்கிட்டேவா இருப்பே? நீ ஒரு கல்யாணம் பண்ணிக்கோ. இன்னும் கொஞ்சம் கூதல் இருக்கு உனக்கு."

விடு என்பதைப் பிடு என்றும் தலைமுடியைக் கூதல் என்றும் அவர் கன்னடம் கலந்து சொன்னார். நான் படியிறங்கிப் பட்டறைக்குப் போனேன். அவர் கேட்டது கேள்வி அன்று.

ஒரு வாரம் கழித்து உமேஷ் என்னிடம் ஒன்று கேட்டான். இவ்வழக்கில் மேசை எங்கிருந்து வந்தது என்னும் வினா எழக்கூடும் என்பதால் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணா, புது எடத்துக்கு நீயே ஒரு டேபிள் போட்டுக் குடு. கடையில வாங்கறதெல்லாம் பொம்ம. உன் கை வேல அங்க நிக்கணும்."

"அளவு சொல்லு."

"அளவு உனக்குத் தெரியாதா? ஜாயின்ட் மட்டும் ஆழமா, அகலமா வெட்டுண்ணா. கட்டர அடியில தலைகீழா மாட்டப் போறேன், வலது பக்கமா. டேபிள் ஆடுச்சுன்னா கை போயிடும்."

அறியாதவர்க்காக விளக்குகிறேன். கட்டர் என்பது கையில் பிடித்து மரம் அறுக்கும் வட்ட ரம்பம். பெரிய அறுவை மேசை வாங்க இயலாத பட்டறைகளில் அதை மேசைப் பலகையின் அடியில் தலைகீழாகத் திருகிவிடுவோம். பலகையில் ஒரு பிளவு வைத்து அதன் வழியே சக்கரம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் அசையாது, மரத்தைத் தள்ளுகிற கைதான் நகரும். எனவே மேசை அசையக் கூடாது. உமேஷ் சொன்னது தொழிலில் சரியான பேச்சு. நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

சரி என்றேன். அன்றைய தினம் என் தவிப்பு நின்றது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. செய்ய ஒரு வேலை கிடைத்தால் மனம் அடங்கும் என்று நினைத்தேன்.

இடித்த வீடு ஒன்றின் தேக்கு நிலைச்சட்டங்களை வாங்கி மேசைக்குக் கால்களாக்கினேன். பழைய தேக்கு கோணாது, சுருங்காது. மேசையின் வலிமை கால்களில் இல்லை, கால்களும் குறுக்குச் சட்டங்களும் கூடும் பொருத்துகளில் இருக்கிறது. சட்டம் உட்காரும் இடத்தில் காலில் ஒரு பள்ளம் வெட்டவேண்டும். பள்ளம் அகலமாக இருந்தால் சட்டத்தின் முழு உடலும் அதில் அமரும். ஆழமாக இருந்தால் அசையாது. ஆனால் ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. காலின் கனத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. பாதி கால் கொடுக்கவேண்டும், பாதி சட்டம் கொடுக்கவேண்டும். இரண்டும் சமமாக விட்டுக்கொடுத்தால்தான் பிடிப்பு.

பெரிய பள்ளத்தை ஒரே வெட்டில் எடுக்க முடியாது. மூலைமட்டம் வைத்து எல்லைக் கோடு கிழித்து, கோடுகளுக்கு நடுவே ரம்பத்தால் நெருக்கமாகப் பல வெட்டுகள் போட வேண்டும். முடிந்ததும் அந்த இடம் சீப்பின் பற்கள்போல் நிற்கும். பிறகு உளியைப் பக்கவாட்டில் வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினால், மெல்லிய சில்லுகள் பிஸ்கட்டுப்போல் முறிந்து விழும். கடைசியில் உளியைப் படுக்க வைத்து அடித்தளத்தைச் சமன் செய்யவேண்டும். நான் இவ்வேலையை மிக நன்றாகச் செய்வேன். மூன்று கால்களில் அவ்வாறே செய்தேன். அவற்றைத் தாங்கள் எந்த ஆசாரியிடம் காட்டினாலும் பாராட்டுவார்.

நான்காவது காலில் ரம்பம் கோட்டைத் தாண்டியது.

ரம்பம் தாண்டியது என்று எழுதிவிட்டேன். இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆயினும் பொருட்பிழை இருக்கிறது. நான் தாண்டவிட்டேன். பாதியில் நிற்கவேண்டிய வெட்டு முக்கால்வாசிக்கு மேல் சென்றது. காலின் வெளிப்புறத்தில் ஒரு கட்டைவிரல் கனமே மரம் மிஞ்சியது. அதற்கு அடுத்து, மரத்தூளைப் பசையில் குழைத்து, மிகுதியாக வெட்டிய இடத்தை நிரப்பினேன். இது எல்லாப் பட்டறைகளிலும் உள்ள வழக்கந்தான். சிறு இடைவெளிகளை மறைக்க அனைவரும் செய்வர். உலர்ந்தபின் மரத்தின் நிறமே வந்துவிடும். ஆனால் அதற்கு மரத்தின் உயிர் இல்லை, ரொட்டியைப்போல உதிரும். விளிம்பு தெரியாமலிருக்கத் தேக்கின் மெல்லிய சீவல் ஒன்றை, ரேகை ஒத்துப்போகும்படி தேடி எடுத்து ஒட்டினேன். அந்தச் சீவலைத் தேர்ந்தெடுக்கவே ஒரு பிற்பகல் ஆயிற்று.

என் நோக்கத்தைத் தாங்கள் தவறாகக் கருதக்கூடும். நான் நினைத்தது இவ்வளவே. மேசை சிறிது காலத்தில் ஆடத் தொடங்கும். அவன் அறுக்கும் பலகைகள் கோணலாகும். கதவுகள் நிலையில் பொருந்தா. வாடிக்கையாளர் நாலு பேர் திட்டுவர். அவன் திரும்பி வந்து, எனக்குத் தனியாக வரவில்லை அண்ணா என்பான். நான் அவனை ஒரு சொல்லும் சொல்லாமல் உளியை நீட்டுவேன். இதில் யாருக்கும் தீங்கில்லை. தம்பிக்குத் தன் நிலையை உணர்த்துவது மூத்தவன் கடமைகளுள் ஒன்று.

மார்ச் மாத இறுதியில் மேசையைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி நானே ஆனேக்கலுக்குக் கொண்டுபோனேன். சங்கமித்ரா ஆரத்தி சுற்றினாள், மேசைக்கு. உமேஷ் அதன்மேல் ஏறிக் குதித்தான்.

"பாத்தியா மித்ரா? யானைய ஏத்தலாம்."

"யான வேணாம். நீ எறங்கு மொதல்ல," என்றாள் அவள். "அண்ணன் பாவம், பாத்துக்கினே இருக்காரு."

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கால் தாங்கியது. சற்று ஏமாற்றமாக இருந்தது.

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. உமேஷ் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவான். பின்னணியில் ஆட்களின் சத்தம், சிரிப்பு. ஒரு கன்னடப் பையனையும் ஒரிசாக்காரர் ஒருவரையும் வேலைக்கு வைத்திருந்தான். "அண்ணா, இங்க எல்லாரும் என்ன மேஸ்திரின்னுதான் கூப்டறாங்க," என்றான். நான் பட்டறையில் பலகையின் ஒரு முனையைத் தூக்கினேன், மறுமுனை எழும்பவில்லை. ஒருவரை வேலைக்கு வைத்தேன். நான் கை நீட்டியபோது அவர் உளியைக் கொடுக்கவில்லை, எந்த உளி என்று கேட்டார். அனுப்பிவிட்டேன். மீண்டும் என்னால் உட்கார முடியவில்லை. அடுகோடியில் பேருந்து ஏறி ஆனேக்கல் வரை போவேன். அவனது ஷெட்டுக்கு எதிரே உள்ள கடையில் நின்று, உள்ளே கட்டர் ஓடும் ஓசையைக் கேட்பேன். ஓசை சீராக இருக்கும். திரும்பிவிடுவேன்.

ஜூன் மாதம் அந்தச் சனிக்கிழமையும் அவ்வாறே போனேன். அன்று மட்டும் அவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"தெருவுல நின்னுக்கினு இன்னா பண்ற? உள்ள வா. யாரோ எடம் வாங்க வந்தவன் மாதிரி நிக்கிற."

வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நீளமான, கனத்த பலகை ஒன்றை மேசைமேல் தள்ளி அறுத்துக்கொண்டிருந்தான். நான் வலப்புறக் காலைப் பார்த்தேன். சீவல் ஒட்டிய இடத்தில் முடிபோல ஒரு கோடு விட்டிருந்தது. உமேஷ் பேசிக்கொண்டே தள்ளினான். இடையில் ஏதோ கேட்டான். நான் பதில் சொன்னேன். சிறிது நேரத்தில் கால் முறிந்தது. மேசையின் அந்த மூலை சட்டென இறங்கியது. பலகை துள்ளியது, பலகையைத் தள்ளிய கை, பலகை இல்லாத இடத்துக்குப் போயிற்று.

மின் இணைப்பைப் பிடுங்கியது நான். துண்டால் கையைக் கட்டியது நான். விரல்களைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் இட்டு, எதிர்க்கடையில் பனிக்கட்டி கேட்டு வாங்கியதும் நானே. மருத்துவர் என் முன்யோசனையைப் பாராட்டினார். ஆயினும் அவற்றை மீண்டும் இணைக்க முடியவில்லை. மேசை ஏன் சாய்ந்தது என்று தங்கள் காவலர் கேட்டபோது, பலகையின் கனம் மிகுதி, அவன் ஒருபுறமாக அழுத்திவிட்டான் என்றேன். உமேஷ் மயக்கம் தெளிந்ததும் அதையேதான் சொன்னான். என் தப்புதாண்ணா, உன் டேபிளக் கெடுத்துட்டேன், என்று அழுதான். நான் அவன் தலையைத் தடவினேன். பரவாயில்லை என்றேன்.

மருத்துவமனைக்கு அருகில் என்பதால் அவனை ஈஜிபுராவுக்கே அழைத்துவந்தேன். சங்கமித்ராவால் விடுப்பு எடுக்க முடியவில்லை. விடுமுறை நாளில் மட்டும் வருவாள். அவ்வாறு நான் ஏற்பாடு செய்யவில்லை, அமைந்தது. ஜூலை மாதம் முழுவதும் என் வாழ்வில் அமைதியான காலம். காலையில் பல்துலக்கியில் பசை வைத்துக் கொடுப்பேன். சோற்றைப் பிசைந்து ஊட்டுவேன். தலை வாருவேன். அவன் வெட்கப்படுவான், பிறகு வாயைத் திறப்பான். லட்சுமம்மா பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மாதிரி அண்ணா யாருக்குக் கிடைக்கும்பா," என்றார். அது உண்மை.

அவன் இடக்கையால் பழகத் தொடங்கியது எனக்குத் தெரியும். நான் பட்டறைக்குச் சென்றபின் கரண்டி பிடித்துப் பார்ப்பான், தாழ்ப்பாள் நகர்த்திப் பார்ப்பான். அவசரப்பட்டால் காயம் பிரிந்துவிடும் என்ற கவலையால் சில முன்னேற்பாடுகள் செய்தேன். டப்பாக்களின் மூடிகளைச் சற்று இறுக்கமாகவே மூடிவைத்தேன். தண்ணீர்க் குடுவையை மேல்தட்டில் வைத்தேன். கதவுத் தாழ்ப்பாளின் திருகைக் கொஞ்சம் முடுக்கினேன். மாலையில் நான் வரும்போது அவன் தாகத்தோடு இருப்பான். நான் தண்ணீர் கொடுப்பேன். இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்து வயிறு நிறையக் குடிப்பான். ஒன்று முழுக் கை, ஒன்று பாதிக் கை.

எல்லாவற்றையும் கெடுத்தது ஷெட்டின் உரிமையாளர். இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சங்கமித்ரா விடுப்பெடுத்து நேற்று முன்தினம் அங்கே போய் ஒழித்துவிட்டு, நேற்றுக் காலையிலேயே ஈஜிபுராவுக்கு வந்தாள். கையில் பழைய சேலையில் சுற்றிய பொருள் ஒன்று இருந்தது. அதைக் கட்டிலின்மேல் வைத்துப் பிரித்தாள். முறிந்த மேசைக்கால்.

"அண்ணா, இது இன்னா?"

"மரம்."

"இது மரம். இது?" விரல் நகத்தால் சுரண்டினாள். மஞ்சள் தூள் படுக்கை விரிப்பில் உதிர்ந்தது.

"மரத்தூள் போட்டு அடைக்கிறது எல்லாரும் பண்றதும்மா."

"சட்டையில கூட ஓட்டைய மறைக்க ஒட்டுப்போட்டு அனுப்புவாங்க. நான் பாத்திருக்கேன். ஆனா ஒரு சட்டையே ஒட்டா இருந்து நான் பாத்ததில்ல. இதுல மரம் எங்க இருக்கு, காட்டுங்க."

உமேஷ் எழுந்து வந்தான். மேசைக்காலை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே ரம்பம் விட்ட தடங்களை இடக்கைக் கட்டைவிரலால் தடவினான். ஒவ்வொரு தடமும் ஒரே ஆழத்தில் நின்றிருந்தது. அவன் முகம் மாறுவதை நான் பார்த்தேன். கை தவறியவனின் வெட்டு ஏறியிறங்கி இருக்கும். இது நேராக இருந்தது. அவன் என்னிடம் தொழில் கற்றவன் என்பதை அந்த நேரத்தில் மறந்திருந்தேன்.

"கோட்டத் தாண்டி உன் ரம்பம் ஒரு நூலு போனது கெடையாது," என்றான். "இத நீ தப்பா வெட்டல. அளந்து வெட்டியிருக்க."

நான் விரிப்பில் உதிர்ந்த தூளைக் கையால் கூட்டினேன்.

"அன்னிக்கு நான் கேட்டேனே. நீ இன்னா சொன்ன? ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இருக்கிறது. மேலே, இடையில் ஏதோ கேட்டான், நான் பதில் சொன்னேன் என்று எழுதியுள்ளேன். அதை இங்கே நிறைவு செய்கிறேன். பலகையைப் பாதி தள்ளியபோது கட்டரை நிறுத்தாமல் அவன் என்னைப் பார்த்து, "அண்ணா, கால் பக்கமா ஏதோ முனகுதே, நிறுத்தட்டுமா?" என்றான். நான் கோடு அகலுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் இல்ல, தள்ளு," என்றேன். அவன் தள்ளினான். நான் சொன்னால் அவன் செய்வான். பல மாதங்களுக்குப் பிறகு நான் சொன்னதை அவன் செய்தான்.

எனவே மேசை ஆடி வேலை கெடவேண்டும் என்பது மட்டுமே என் நோக்கம் என்று முன்பு நான் எழுதியது முழுமையானதன்று. அவன் கட்டரை வலப்புறம் மாட்டுவான் என்பதை அறிந்தே வலப்புறக் காலைத் தேர்ந்தேன். மேசை ஆடினால் கை போய்விடும் என்று அவனே சொல்லியிருந்தான். போகட்டும் என்று நினைத்துத்தான் வெட்டினேன். கை இருந்தால் அவன் போய்விடுவான்.

சங்கமித்ரா அழவில்லை. "எழுந்திரு, போலீசுக்குப் போலாம்," என்றாள் அவனிடம்.

"வேணாம்."

"இன்னா வேணாம்? வெரலு உன்னுதா, அவருதா?"

"கேஸுன்னா சும்மாவா? வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுல நின்னு இந்த மூஞ்சியப் பாக்கணும். எனக்கு இனிமே இந்த மூஞ்சியப் பாக்க வேணாம், மித்ரா. அதுக்கு இந்தக் கையும் போனாப் போவட்டும்."

அவர்கள் துணிகளை ஒரு பையில் திணித்தார்கள். நான் உதவ முன்வந்தேன். அவள் பையை மறுபக்கம் நகர்த்திக்கொண்டாள். உமேஷ் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டான். பொத்தான்களை இடக்கையால் ஒவ்வொன்றாகப் போட்டான். ஒன்றுகூடத் தவறவில்லை. எப்போது பழகினான் என்று தெரியவில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். அவள் தன் தாய்வீட்டுப் பக்கம் என்றாள், ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. அவனது தொலைபேசி எண் நேற்று மாலை முதல் இயங்கவில்லை. நான் பலமுறை முயன்றேன். இதை எழுதும்போதும் இருமுறை எழுந்து போய் முயன்றுவிட்டு வந்து அமர்ந்தேன்.

ஆகையால் நான் செய்யவேண்டியது தெளிவாயிற்று. அவன் புகார் கொடுக்க மாட்டான். புகார் இல்லையெனில் வழக்கு இல்லை. எனவே நானே எழுதுகிறேன். மேற்கூறிய அனைத்தும் உண்மை. என் தம்பி உமேஷின் கையை நான் அறிந்தே, திட்டமிட்டே போக்கினேன். மேசைக்காலின் முறிந்த பகுதி கட்டிலின்மேல் அப்படியே இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். வழக்குப் பதிவானதும் காவல்துறை அவனைத் தேடிக் கண்டுபிடிக்கும். என்னைவிடத் தங்களுக்கு அதற்கு வசதிகள் அதிகம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு விசாரணை விரைவில் முடிந்துவிடும் என்று எங்கள் தெருவிலுள்ள வழக்கறிஞரின் குமாஸ்தா சொன்னார். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுப்பது நீதிமன்றத்தில் செல்லாது என்பதையும் அவரிடம் கேட்டறிந்தேன். எனவே நீதிபதி கேட்கும்போது நான் மறுப்பேன். அப்போது சாட்சி தேவைப்படும். உமேஷ் வந்தாக வேண்டும். கூண்டில் ஏறி, என்னைப் பார்த்து, இவர்தான் என்று கையைக் காட்டவேண்டும். ஒரே நாளில் முடியாது, வாய்தா தள்ளிப்போகும், மீண்டும் வருவான். வழக்குகள் எத்தனையோ ஆண்டுகள் நடக்கின்றன என்கிறார்கள். எனக்கு அவசரமில்லை. அவன் வரும் தேதியை மட்டும் முன்கூட்டியே தெரிவித்தால், அன்று முகம் மழித்துக்கொண்டு வருவேன்.

அவன் என்னை வெறுக்கிறான் என்று தாங்கள் எண்ணவேண்டாம். நேற்று அவர்கள் படியிறங்கியதும் மாடியிலிருந்து பார்த்தேன். தூறிக்கொண்டிருந்தது. உமேஷ் ஆட்டோவில் ஏறினான். நான் பெயர் சொல்லி அழைத்தேன். தெருவில் சென்றவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் மட்டும் நிமிரவில்லை. முந்தைய நாள் அவனுக்குத் தலையணை சரியாக அமையவில்லை. கழுத்து பிடித்திருக்க வேண்டும். ஆட்டோ முனையில் திரும்பி மறைந்தபோது மணி முற்பகல் பதினொன்று இருபது.